வில்லை ஒட்டிய நோட்டுகள்: பொது நாணயத்தை விட்டு ஒரு நாடு விலகினால் வணிகமும் முதலீடும் என்ன ஆகும்?

1993 பிப்ரவரி முதல் வாரம். செக் குடியரசில் வங்கிகளிலும் தபால் நிலையங்களிலும் ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். கையில் இருந்த செக்கோஸ்லோவாக்கிய கொருனா நோட்டைக் கொடுத்தால், அதே படம், அதே நிறத்தில் இன்னொரு நோட்டு கிடைத்தது. ஒரே ஒரு வித்தியாசம்: அதில் தபால்தலை அளவில் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. 100 கொருனா நோட்டில் 'சி', 500இல் 'டி', 1,000இல் 'எம்' என்று ரோமானிய எண்ணெழுத்து. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியாவிலும் இதே வேலை நடந்தது, வில்லையில் அவர்கள் நாட்டுச் சின்னம். ஆளுக்கு 4,000 கொருனா வரைதான் ரொக்கமாக மாற்றலாம், மிச்சத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும். சிறிய நோட்டுகள் சிலவற்றுக்கும் சில்லறைக்கும் வில்லை கிடையாது. அவை சில மாதங்கள் இரண்டு நாட்டிலும் பழையபடியே ஓடின.

யூரோவை விட்டு ஒரு நாடு வெளியேறினால் என்ன ஆகும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வில்லைதான். ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியதும் ஒரு பணம் இரண்டு பணமானது. நோட்டு மாற்றம் நடந்த அந்த நான்கு நாட்களுக்கு முன்னும் பின்னும் வணிகர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாக விஷயம் புரியும்.

செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1993 ஜனவரி 1 அன்று சண்டை சச்சரவு இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் பணத்தை உடனே பிரிக்க வேண்டாம், குறைந்தது ஆறு மாதமாவது ஒரே கொருனா இருக்கட்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. அந்த ஒப்பந்தம் தாங்கியது 38 நாட்கள்தான். பிப்ரவரி 8 அன்று இரண்டு தனி நாணயங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன.

ஏன் இத்தனை சீக்கிரம்? ஸ்லோவாக்கியாவின் பொருளாதாரம் பலவீனமானது என்பது ஊரறிந்த செய்தி. அங்கே பெரிய ஆலைகள் பல பழைய சோவியத் சந்தையை நம்பி நின்றவை; அந்தச் சந்தையே போய்விட்டது. என்றைக்குப் பணம் பிரிந்தாலும் ஸ்லோவாக் கொருனாவின் மதிப்பு குறையும் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். சரி, அப்படி நம்புகிற ஒரு வணிகர் என்ன செய்வார்? ஸ்லோவாக் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் இருக்கும் சேமிப்பை செக் தலைநகர் பிராக்கில் உள்ள வங்கிக்கு மாற்றுவார். செக் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கியைத் தவணைக்கு முன்பே அடைத்துவிடுவார். தனக்கு வர வேண்டிய செக் பாக்கியை "இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்" என்று தள்ளிப்போடுவார். இதில் சட்ட விரோதமாக ஒன்றும் இல்லை, அவரவர் புத்திசாலித்தனம்தான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இதைச் செய்தபோது, ஸ்லோவாக்கியாவிலிருந்து பணம் ஆறாக வெளியே ஓடியது. பிராக் அரசு ஜனவரி மாதத்திலேயே பிரிவை முடிவு செய்துவிட்டது. வெளியே சொன்னது பிப்ரவரி 2 அன்று.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். விலகுவதால் வரும் சேதத்தில் பெரும்பகுதி, விலகும் நாளுக்கு முன்பே வந்துவிடுகிறது. நாளைக்கு இந்தக் கணக்கில் இருக்கும் பணம் எந்தப் பணமாக இருக்கும் என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் போதும், மீதியைச் சந்தேகமே செய்துமுடிக்கும்.

இப்போது வணிகத்துக்கு வருவோம். ஒரு ஸ்லோவாக் ஆலை, செக் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு உதிரிபாகம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 20 அன்று சரக்கு போய்விட்டது. பில் தொகை 10 லட்சம் கொருனா, தவணை 30 நாள். தவணை முடிவதற்குள் கொருனா என்ற பணமே இல்லை. செக் கொருனா இருக்கிறது, ஸ்லோவாக் கொருனா இருக்கிறது. பில்லில் எழுதியது எந்தக் கொருனா? இரு அரசுகளும் இதற்கு ஒரு வழி செய்திருந்தன. பிப்ரவரி 8க்கு முந்தைய பாக்கிகள் எல்லாம் 'பழைய கணக்கு'. அவற்றை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தீர்க்க வேண்டும். அதன்பின் வருபவை 'புதிய கணக்கு'. அவற்றை எக்யூ என்ற ஐரோப்பியக் கணக்கு அலகில் எழுதி, இரு மத்திய வங்கிகளும் தங்களுக்குள் நேர் செய்துகொள்ளும். எக்யூவுக்கு எதிராகத் தங்கள் நாணயத்தின் விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றவும் இறக்கவும் இரு வங்கிகளுக்கும் இடம் இருந்தது.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலையின் கணக்குப்பிள்ளை இடத்திலிருந்து பாருங்கள். நேற்று வரை அடுத்த ஊர் வாடிக்கையாளர்; இன்று அவர் வெளிநாட்டு வாடிக்கையாளர். சுங்கப் படிவம் வேண்டும், வங்கி வழியாக அனுமதி வேண்டும், விகிதம் மாறினால் யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி வேண்டும். பணம் வந்து சேர முன்பைவிட அதிக நாள் பிடிக்கும், அந்த நாட்களுக்கு வட்டி யார் கொடுப்பது? 1993இன் முதல் மாதங்களில் இரு நாடுகளுக்கு இடையிலான வணிகம் சடசடவென்று சரிந்ததில் வியப்பில்லை. ஜூலை 10 அன்று ஸ்லோவாக் கொருனாவின் மதிப்பு 10 சதவீதம் குறைக்கப்பட்டது. எல்லோரும் எதிர்பார்த்ததுதான் நடந்தது. அந்த எக்யூ ஏற்பாடு 1995 இலையுதிர் காலம் வரை ஓடி முடிந்தது.

ஆண்டுகள் போகப் போக எண்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. 1993இல் ஸ்லோவாக்கியாவின் ஏற்றுமதியில் சுமார் 42 சதவீதம் செக் நாட்டுக்குப் போனது. 2000ஆம் ஆண்டில் அது 17 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. செக் தரப்பிலும் ஸ்லோவாக்கியாவின் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து எட்டு சதவீதம் அளவுக்கு வந்தது. இத்தனைக்கும் இரு நாடுகளும் சுங்க ஒன்றியத்தைக் கைவிடவில்லை, தங்களுக்குள் வரி போட்டுக்கொள்ளவில்லை. மொழி கிட்டத்தட்ட ஒன்று, ரயில் பாதை பழையதே.

ஆனால் இந்தச் சரிவு முழுவதையும் நாணயத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதே ஆண்டுகளில் இரண்டு நாடுகளும் ஜெர்மனி பக்கம் திரும்பின. சோசலிச காலத்தில் பிராக் திட்டமிட்டபடி ஓடிய சரக்குகள் பல, உண்மையான சந்தை வந்தபோது வேறு திசையில் ஓடின. நாணயம் பிரியாமல் இருந்திருந்தாலும் அதில் ஒரு பகுதி நடந்தே இருக்கும்.

இந்தக் குழப்பம் பொருளாதார அறிஞர்களையும் விடவில்லை. ரூவன் கிளிக், ஆண்ட்ரூ ரோஸ் இருவரும் 1948 முதல் 1997 வரை 200க்கும் மேற்பட்ட நாடுகளின் வணிகப் புள்ளிவிவரங்களை வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். பொது நாணயத்தில் சேர்ந்தால் வணிகம் சுமார் இரண்டு மடங்காகிறது, விலகினால் பாதியாகிறது என்பது அதன் சாரம். படிக்கும்போதே பயமாக இருக்கும். ஆனால் அவர்கள் பார்த்த விலகல்களில் பல, காலனி ஆட்சி முடிந்த நேரத்தில் நடந்தவை. கொடி மாறியது, நிர்வாகம் மாறியது, சில இடங்களில் போரும் நடந்தது. வணிகத்தைப் பாதியாக்கியது நாணயமா, மற்றவையா?

இதற்கு அயர்லாந்து நல்ல உரைகல். 1826 முதல் அயர்லாந்தின் பவுண்டும் பிரிட்டனின் பவுண்டும் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னும் அது மாறவில்லை. 1979 மார்ச்சில் அயர்லாந்து, நாணய விகிதங்களை ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்துக்கொள்ளும் ஐரோப்பிய நாணய முறையில் சேர்ந்தது, பிரிட்டன் அதன் விகித ஏற்பாட்டில் சேரவில்லை. மார்ச் 30 அன்று 150 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சமன் உடைந்தது. போர் இல்லை, புது எல்லை இல்லை, ஒரே ஐரோப்பியப் பொதுச் சந்தைதான். ஆகவே நாணயத்தின் விளைவை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கலாம். ராட்னி தாம், பிரெண்டன் வால்ஷ் என்ற இரு பொருளியலாளர்கள் பார்த்தார்கள். பிரிட்டனுடனான வணிகத்தில் சொல்லும்படியான வீழ்ச்சி எதுவும் இந்த முறிவால் வந்ததாகத் தெரியவில்லை. பிரிட்டனைச் சார்ந்திருப்பது அயர்லாந்தில் அதற்கு முன்பிருந்தே மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது, அதே வேகத்தில் தொடர்ந்தது, அவ்வளவுதான்.

நிதானமாக விலகினால் வணிகம் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு நம்மவர்கள் பலர் வாழும் இன்னொரு இடத்தையும் சொல்லலாம். மலேசியா, சிங்கப்பூர், புருனே மூன்றுக்கும் பணம் வெளியிட ஒரே நாணய வாரியம் இருந்தது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்த பிறகும் பொது நாணயத்துக்காகப் பேச்சு நடந்து, அது கைகூடாமல், 1967 ஜூன் 12 அன்று மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஆனால் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்று எங்கும் செல்லும். மலேசியா இந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது 1973 மே மாதத்தில்தான். புருனேயும் சிங்கப்பூரும் இன்று வரை ஒன்றுக்கு ஒன்றுதான். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டிய நிலை வந்தும், ஜோகூர் பாலத்தில் லாரியும் ஜனமும் குறையவில்லை.

இதிலும் ஒரு கசப்பு இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பழைய மலாயா டாலர் நோட்டுகள் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டவை. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. புதிய மலேசிய டாலர் குறையவில்லை. பழைய டாலர் குறைந்தது. மாற்றிக்கொள்ள அவசரமில்லை என்று பழைய பணத்தையே கையில் வைத்திருந்தவர்களுக்கு, ஒரு வெள்ளி 85 காசாயிற்று. பெரிய கம்பெனிகளுக்கு இதைச் சொல்லித் தர ஆள் இருந்தார்கள். டப்பாவில் பணம் போட்டு வைத்திருந்த சிறுகடைக்காரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் யாரும் சொல்லவில்லை. பினாங்கில் நவம்பர் 24 அன்று கடையடைப்பு நடந்தது. அது கலவரமாகி, உயிர்கள் போய், ஊரடங்கில் முடிந்தது.

ஆக, சாலை திறந்திருந்து, வாங்குபவருக்குச் சரக்கு தேவையாக இருந்தால், வணிகம் எப்படியும் புதுப் பணத்துக்குப் பழகிக்கொள்கிறது. முதலீடு அப்படி அல்ல. இன்றைய சரக்கு 30 நாள் தவணை. தவறினால் நஷ்டம் ஒரு லோடு. ஒரு தொழிற்சாலை போட்டால் அது 15, 20 ஆண்டு விஷயம். 10 ஆண்டுக் கடனை யூரோவில் வாங்கி, நாளை வருமானம் வேறு பணத்தில் வந்தால் முதலாளி எழுந்திருக்கவே முடியாது. அதனால் சந்தேகம் வந்ததும் முதலில் நிற்பது முதலீடுதான், கடைசியில் திரும்புவதும் அதுதான்.

கிரீஸ் இதற்குச் சாட்சி. கிரீஸ் யூரோவை விட்டு வெளியேறவே இல்லை. கடன் நெருக்கடியில் வெளியேறக்கூடும் என்ற பயம் மட்டும்தான் வந்தது. 2011 நவம்பரில் ஜெர்மனியின் பெரிய சுற்றுலா நிறுவனமான டூயி, கிரேக்க ஹோட்டல்காரர்களின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்டது: கிரீஸ் யூரோவை விட்டால், நாங்கள் புது நாணயத்தில் பணம் தருவோம். அவர்கள் கணக்கில் இது சாதாரண முன்னெச்சரிக்கை. ஒரு ஹோட்டல் முதலாளியின் கணக்கில்? அடுத்த கோடைக்கு அறைகளைப் புதுப்பிக்க வங்கியில் யூரோவில் கடன் வாங்க நினைத்திருப்பார். வரும் வருமானம் கிரீஸின் பழைய நாணயமான திராக்மாவாக இருந்தால் அந்தக் கடனை எதை வைத்து அடைப்பது? பழைய குளியலறையே இன்னும் இரண்டு ஆண்டு இருக்கட்டும் என்று விட்டுவிடுவார். ஒரு நாடு முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கான குளியலறைகள், லாரிகள், இயந்திரங்கள் தள்ளிப்போடப்பட்டன.

2012 அக்டோபரில் கோகோ கோலா ஹெலனிக், அதாவது சந்தை மதிப்பில் கிரீஸின் மிகப் பெரிய கம்பெனி, தலைமையகத்தை சுவிட்சர்லாந்துக்கும் முதன்மைப் பங்குப் பட்டியலை லண்டனுக்கும் மாற்றப்போவதாக அறிவித்தது. கிரீஸில் தலைமையகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பல நாடுகளில் தொழில் செய்யும் கம்பெனிக்கு வட்டி ஏறினால் அது எப்படி நிற்கும்? 2007இல் கிரீஸின் மொத்த உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முதலீடாகப் போனது. 2014, 2015 வாக்கில் அது 11, 12 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக் கட்டுமானம் சரிந்ததும் அரசு செலவை வெட்டியதும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பயத்தின் பங்கைக் காட்ட எதிர்த் திசையிலும் ஒரு சாட்சி உண்டு. 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ டிராகி, யூரோவைக் காக்க எதையும் செய்யத் தயார் என்று சொன்னார். பயம் தணிந்தது. 2014 ஏப்ரலில் கிரீஸ் ஐந்தாண்டுக் கடன் பத்திரங்களை ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வட்டியில் விற்க முடிந்தது.

அப்புறம் 2015இல் பயம் மறுபடி திரும்பியது. ஜூன் 29 அன்று வங்கிகள் மூடப்பட்டன, ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். 2009 முடிவில் சுமார் 24,000 கோடி யூரோவாக இருந்த வங்கி வைப்புகள் அதற்குள் பாதி அளவுக்கு வந்திருந்தன. வெளிநாட்டிலிருந்து மூலப்பொருள் வாங்கிய நிறுவனங்கள் ஒவ்வொரு பில்லுக்கும் அனுமதிக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது. ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் தந்தவர்களின் நிபந்தனைக்கு 'வேண்டாம்' என்றார்கள். ஜூலை 13 அன்று உடன்பாடு வந்தது, நாடு யூரோவிலேயே தங்கியது. மூலதனக் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது எப்போது தெரியுமா? 2019 செப்டம்பர் 1. விலகாத விலகலுக்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

விலகுவதை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும், அது லேசான வாதம் அல்ல. சொந்த நாணயம் இருந்தால் அதன் மதிப்பை இறக்கலாம். நம் சரக்கு வெளியே மலிவாகும், ஏற்றுமதி ஏறும். அது இல்லாததால்தான் கிரீஸ் கூலியையும் ஓய்வூதியத்தையும் வெட்டி வெட்டி விலையைக் குறைக்க வேண்டிவந்தது, உற்பத்தி கால் பங்கு சுருங்கியது. அந்த வேதனையைப் பார்த்தவர்கள் வேறு வழி கேட்டதில் தவறே இல்லை. ஆனால் மலிவு நாணயத்தின் பலன் வர நாள் ஆகும், செலவு மறுநாளே வரும். எரிபொருள், மருந்து, இயந்திரம் எல்லாம் இறக்குமதி என்றால், ஏற்றுமதிச் சரக்கின் அடக்க விலையும் கூடவே ஏறும். விரிவாக்கம் செய்யக் கடன் வேண்டும். அந்தக் கடனைத் தர வேண்டிய வங்கியே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

கடன் விஷயத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. தன் நாணயம் எது என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆகவே ஏதென்ஸ் சட்டப்படி எழுதிய கடன் பத்திரத்தைக் கிரேக்க நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் திராக்மாவாக்கலாம். லண்டன் சட்டப்படி எழுதியதைத் தொட முடியாது. அது யூரோவிலேயே நிற்கும். ஒரே கம்பெனியின் அலமாரியில் இரண்டு வகைக் காகிதமும் இருக்கும். கடன் யூரோவில் நின்று, வரவு திராக்மாவில் வந்தால், நல்ல வியாபாரம் நடக்கிற கம்பெனியும் திவாலாகும்.

அர்ஜென்டினா நாணயக் கூட்டில் இருந்த நாடு அல்ல, ஆனால் ஒரு பெசோ ஒரு டாலர் என்று சட்டம் போட்டுப் பத்து ஆண்டு கட்டிக் காத்தது. 2002 தொடக்கத்தில் அதை விட்டபோது, வங்கியில் இருந்த டாலர் சேமிப்பை ஒரு டாலருக்கு 1.40 பெசோ என்றும், வங்கி கொடுத்திருந்த டாலர் கடனை ஒன்றுக்கு ஒன்று என்றும் அரசு மாற்றியது. இடைவெளி வங்கிகளின் தலையில். சில மாதங்களில் டாலர் மூன்று பெசோவைத் தாண்டியது. மின்சாரம், எரிவாயுக் கட்டணங்களைப் பெசோவில் உறைய வைத்ததால், அங்கே முதலீடு செய்திருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் டஜன் கணக்கில் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போயின. அதன் பிறகு ஏற்றுமதி ஏறியது, பொருளாதாரம் சீக்கிரமே எழுந்தது, அதையும் மறைக்கக் கூடாது. வழக்குகள் மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்தன.

ஸ்லோவாக்கியாவுக்குத் திரும்புவோம். பணம் பிரிவதற்கு முன்பே, 1991இல், பிராட்டிஸ்லாவா ஆலையில் போக்ஸ்வாகன் கால் வைத்திருந்தது. பிரிந்த பிறகும் அது போகவில்லை. ஜெர்மனிக்குக் கார் செய்து அனுப்புபவருக்குச் செக் கொருனாவா ஸ்லோவாக் கொருனாவா என்பது பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஆனால் புதிதாக வருபவர்கள் தயங்கினார்கள். 1998 வரை விளாதிமீர் மெச்சியார் ஆட்சியில், அரசு ஆலைகள் வேண்டியவர்களின் கைக்குப் போன காலத்தில், வெளிநாட்டு முதலீடு செக் நாட்டுக்கும் ஹங்கேரிக்கும் வந்த அளவுக்கு அங்கே வரவில்லை. ஆட்சி மாறி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது உறுதியானதும் நிலைமை மாறியது. 2003இல் பியூஜோ சிட்ரோயன் திர்னாவாவைத் தேர்ந்தெடுத்தது, 2004இல் கியா ஜிலினாவை. 2006இல் இரண்டிலும் கார் ஓடத் தொடங்கியது.

2009 ஜனவரி 1 அன்று ஸ்லோவாக்கியா, ஒரு யூரோவுக்கு 30.126 கொருனா என்ற விகிதத்தில் தன் நாணயத்தை விட்டு வேறொரு பொது நாணயத்தில் சேர்ந்தது. செக் நாடு இன்றும் தன் கொருனாவிலேயே இருக்கிறது. ஸ்லோவாக்கியா யூரோவில் சேர்ந்தபோது உலகப் பொருளாதார நெருக்கடியின் உச்சம். போலந்தின் ஸ்லோட்டியும் ஹங்கேரியின் ஃபோரின்ட்டும் கீழே விழுந்திருந்தன. ஸ்லோவாக் குடும்பங்கள் சனி, ஞாயிறுகளில் கார் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய் அங்கே மலிவாகக் கிடைத்த மளிகையை வாங்கி வந்தன, உள்ளூர்க் கடைக்காரர்கள் புலம்பினார்கள். ஜிலினாவிலும் திர்னாவாவிலும் கார் ஆலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.